புகையிலை நிறுவனங்கள் அறிவியல் ஆய்வுகளையும் அரசின் கொள்கைகளையும் எப்படி வளைத்தன?

செங்கோட்டைக்கு மேற்கே, கேரள எல்லையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அம்மா இருபத்தாறு ஆண்டுகள் பீடி சுற்றினார். மடியில் சுளகு, கையில் கத்தரி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. தூள் நெடியில் இருமல் விடாமல் போகவே, ஒருநாள் பீடிக்கடையில் கணக்கு எழுதும் அண்ணாச்சியிடம், "இதனால் நோய் வருமாமே?" என்று கேட்டார். "அதெல்லாம் வெளிநாட்டுக்காரன் ஆராய்ச்சி அக்கா. நம் ஊரில் யார் சோதித்துப் பார்த்தார்கள்?" என்றார் அவர்.

பாவம், அந்த வாதம் அண்ணாச்சியின் சொந்தச் சரக்கு அல்ல. அதன் வேர் நியூயார்க்கில் இருக்கிறது. புகைப்பவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் அதிகம் என்று 1950இலேயே பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆய்வுகள் வந்துவிட்டன. 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் நிறுவனங்களின் தலைவர்கள் பிளாசா ஹோட்டலில் கூடினார்கள். ஹில் அண்டு நோல்டன் என்ற மக்கள் தொடர்பு ஆலோசனை நிறுவனத்தைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். ஆய்வு பொய் என்று சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. 'இன்னும் ஆராய வேண்டும்' என்று சொன்னால் எந்த அறிஞரால் மறுக்க முடியும்? 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் விளம்பரம் வந்தது: மக்களின் உடல்நலமே எங்கள் முதல் அக்கறை, ஆய்வுக்கு நாங்களே பணம் தருகிறோம்.

தந்தார்கள் என்பதுதான் இதில் விஷயம். ஆய்வுக் குழு அமைத்தார்கள். கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற மரபியல் அறிஞரை அதன் அறிவியல் பொறுப்பில் அமர்த்தினார்கள். பணம் போலிகளுக்குப் போகவில்லை. நல்ல ஆய்வாளர்களுக்கே போனது. ஆனால் பரம்பரை, மன அழுத்தம் என்று சிகரெட்டைத் தொடாத கேள்விகளுக்குத் தாராளமாகப் போனது. திருட்டு நடந்த வீட்டை விட்டுவிட்டு ஊரிலுள்ள மற்ற வீடுகளையெல்லாம் நேர்மையாகச் சோதனை போட்ட மாதிரி. 1969இல் பிரவுன் அண்டு வில்லியம்சன் என்ற சிகரெட் நிறுவனத்தின் உள்குறிப்பு ஒன்று 'சந்தேகமே நம் விற்பனைப் பொருள்' என்று வெளிப்படையாகவே எழுதியது. நிறுவனங்கள் பல பத்தாண்டுகள் மக்களை ஏமாற்றின என்று அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் தீர்ப்பளித்தது 2006இல்.

நம் நாட்டுக்கு வருகிறேன். பாக்கெட்டில் 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்கைப் படம் என்ற விதி 2015 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வர வேண்டியது. அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் குழுவின் தலைவர் திலீப் காந்தி, புகையிலையால் புற்றுநோய் வரும் என்று காட்டும் இந்திய ஆய்வு இல்லை என்றார். அதே குழுவில் ஓர் உறுப்பினர் பீடித் தொழிலதிபர்! விதி ஓராண்டு தள்ளிப்போனது. செய்தியைப் படித்தபோது எனக்கு அண்ணாச்சியின் குரல்தான் கேட்டது.

இந்திய ஆய்வு இருந்தது. அதுவும் தமிழ்நாட்டு ஆய்வு. சென்னையிலும் விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரம் திரட்டி, புகைப்பவர்களிடையே காசநோய்ச் சாவும் புற்றுநோய்ச் சாவும் எவ்வளவு அதிகம் என்று காட்டிய அது, 2003இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. அந்தக் கிராமங்களில் புகைத்ததில் பெரும்பகுதி பீடிதான்.

மலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பொது இடத்தில் புகைக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 1999 ஜூலையிலேயே உத்தரவிட்டுவிட்டது. மர வேலைக்குப் புனலூர் போய் வந்த அப்பா, பஸ் நிலையத்தில் போலீஸ்காரர் பீடியை அணைக்கச் சொன்னதைப் பல நாள் சொல்லிச் சொல்லிக் கோபப்பட்டார். "எல்லையில் கோட்டைவாசலைத் தாண்டினால் புகைக்கு வேறு சட்டமா?"

இங்கே வரி, எச்சரிக்கை என்று எதைப் பேசினாலும் முதலில் 'பீடித் தொழிலாளர் வயிற்றில் அடிக்காதீர்கள்' என்ற குரல் எழும். 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது சிகரெட்டுக்கு விதித்த கூடுதல் செஸ் பீடிக்கு விதிக்கப்படவில்லை. அந்த ஆண்டும் அம்மா சுற்றிக்கொண்டுதான் இருந்தார். ஆயிரத்துக்கான கூலி ஏறவில்லை. சரியில்லை என்று கடையில் ஒதுக்கிய பீடிகளுக்கு வழக்கம்போலப் பணத்தைக் கழித்துக்கொண்டார்கள்.