உயிரியல் ஆய்வுத் தரவைப் பகிர எக்செல் கோப்பு மட்டும் போதாதா?

கேள்வி இது: ஆர்என்ஏ வரிசைமுறைத் தரவை (எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று காட்டும் தரவை) வைத்து எழுதிய கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்பப் போகிறோம். தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைக்கச் சொல்கிறார்கள். எங்களிடம் எல்லாம் எக்செல்லில் இருக்கிறது. அதையே பின்னிணைப்பாகக் கொடுத்தால் போதாதா? இல்லையென்றால் எந்தத் தரநிலை, எந்த மென்பொருள்?

போதாது. ஆனால் அதற்குக் கோப்பு வடிவம் முக்கியக் காரணம் இல்லை. மற்ற ஆய்வுக்கூடங்களின் தரவைக் களஞ்சியத்துக்கு அனுப்பும் முன் சரிபார்த்து ஒழுங்கு செய்வது என் வேலை. கோப்பு வடிவத்தை மாற்றுவதெல்லாம் ஒரு மாலையில் முடிந்துவிடும். எந்த மாதிரி எந்த விலங்கிலிருந்து வந்தது, மருந்து கொடுத்து எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள், எந்த பேட்சில் (ஒரே தடவையில் சேர்த்து ஓட்டிய மாதிரிக் குழுவில்) ஓட்டினார்கள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை என்றால், பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. அதனால் உங்கள் நேரத்தில் பெரும்பங்கை மாதிரி விவர அட்டவணைக்குக் கொடுங்கள்.

முதலில் எக்செல் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 'செப்ட்2', 'மார்ச்1' என்ற பெயர்களில் மனித மரபணுக்கள் இருந்தன. அவற்றை ஆங்கிலத்தில் எக்செல்லில் அடித்தால் செப்டம்பர் 2, மார்ச் 1 என்று தேதியாக மாறிவிடும். நடுவில் ஆங்கில 'இ' எழுத்து வரும் சில அடையாள எண்கள் அடுக்குக்குறி போட்ட பெரிய எண்ணாக மாறிவிடும். 2004-லேயே இதை எச்சரித்து ஒரு கட்டுரை வந்தது. 2016-இல் ஜீனோம் பயாலஜி இதழில் வந்த ஆய்வு, மரபணுப் பட்டியலை எக்செல்லில் இணைத்திருந்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020-இல் மனித மரபணுப் பெயரிடும் குழு அந்தப் பெயர்களையே செப்டின்2, மார்ச்எஃப்1 என்று மாற்றிவிட்டது. எனவே மரபணுப் பெயரோடு என்சம்பிள் என்ற மரபணுத் தரவுத்தளத்தின் அடையாள எண்ணையும் ஒரு நெடுவரிசையில் வையுங்கள். எண்ணிக்கை அட்டவணையை (ஒவ்வொரு மாதிரியிலும் ஒவ்வொரு மரபணுவுக்கும் எத்தனை வரிசைத் துண்டுகள் கிடைத்தன என்ற பட்டியலை) ஆர் அல்லது பைத்தான் நிரல்மொழியிலிருந்து நேராக டேப் பிரித்த உரைக்கோப்பாக எழுதுங்கள், இடையில் எக்செல்லில் திறந்து சேமிக்க வேண்டாம். செல்லுக்கு வண்ணம் அடித்துப் பொருள் சொல்வதையும் தவிருங்கள். 'சிவப்பில் இருப்பவை தரம் குறைந்த மாதிரிகள்' என்ற தகவல் உரைக்கோப்பாகச் சேமித்த அந்த நொடியே போய்விடும். அதற்குத் தனி நெடுவரிசை போதும்.

சரி, தரநிலைக்கு வருவோம். மைக்ரோஅரே (மரபணுச் செயல்பாட்டை அளக்கும் பழைய சில்லு முறை) காலத்தில், 2001-இல், மியாமே என்ற குறைந்தபட்சத் தகவல் வரையறை வந்தது. ஒரு சோதனையின் முடிவை இன்னொருவர் புரிந்துகொள்ளவும் சரிபார்க்கவும் குறைந்தது என்னென்ன தெரிய வேண்டும் என்று அது பட்டியலிட்டது: மூலத் தரவு, பதப்படுத்திய தரவு, மாதிரி விவரம், சோதனை வடிவமைப்பு, செய்முறை. வரிசைமுறைத் தரவுக்கு இதே வழியில் மின்செக் என்ற வரையறை இருக்கிறது. அமெரிக்காவின் தேசிய உயிர்த்தொழில்நுட்பத் தகவல் மையமான என்சிபிஐ நடத்தும் ஜியோ களஞ்சியம் இவற்றைத்தான் பின்பற்றுகிறது. உங்கள் தரவுக்கு ஜியோ பொருத்தமான இடம். மூல வரிசைகள் உள்ள ஃபாஸ்ட்கியூ கோப்புகள், எண்ணிக்கை அட்டவணை, விவரப் படிவம் மூன்றையும் கொடுத்தால், மூலக் கோப்புகளை அவர்களே எஸ்ஆர்ஏ என்ற மூல வரிசைக் களஞ்சியத்தில் சேர்த்துவிடுவார்கள். அந்தப் படிவமே எக்செல் வார்ப்புருதான் என்பதால் உங்களுக்கு அது அந்நியமாக இருக்காது. ஐரோப்பாவில் இதற்கு இணையாக அர்ரேஎக்ஸ்பிரஸ் இருக்கிறது, அனோட்டேர் என்ற வலைக்கருவி வழியாகச் சமர்ப்பிக்கலாம். மூல வரிசைகளைப் பொறுத்தவரை அமெரிக்க, ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்கள் தங்களுக்குள் பரிமாறிக்கொள்வதால் எங்கே போட்டாலும் மற்ற இடங்களிலும் தேடலாம்.

இப்போது மாதிரி விவர அட்டவணை. ஒரு கிடைவரிசைக்கு ஒரு மாதிரி. உயிரினம், இனவகை, பால், வயது, திசு, சிகிச்சை, மருந்தளவு, எடுத்த நேரம், ஆர்என்ஏ பிரித்த முறை, லைப்ரரி கிட் (ஆர்என்ஏவை வரிசைமுறைக்குத் தயாராக்கும் பொருள்தொகுப்பு), கருவி என்று ஒவ்வொன்றுக்கும் தனி நெடுவரிசை. அளவைத் தரும் இடத்தில் அலகையும் தாருங்கள். நான் அதிகம் வற்புறுத்துவது இரண்டு நெடுவரிசைகளுக்காக. ஒன்று விலங்கின் எண். மூன்று எலிகளிடமிருந்து ஒவ்வொரு மாதிரி எடுத்தீர்களா, ஒரே எலியின் திசுவை மூன்றாகப் பிரித்தீர்களா என்பது புள்ளியியலையே மாற்றிவிடும். மற்றொன்று பேட்ச். மருந்து கொடுத்த மாதிரிகள் எல்லாம் ஒரு நாளும், மருந்து கொடுக்காத கட்டுப்பாட்டு மாதிரிகள் எல்லாம் வேறொரு நாளும் ஓட்டப்பட்டிருந்தால், தெரியும் வேறுபாடு மருந்தால் வந்ததா, நாளால் வந்ததா என்று பிரிக்கவே முடியாது. உங்கள் தரவை வேறு மூன்று ஆய்வுகளோடு சேர்த்துப் பார்க்க நினைப்பவர் முதலில் தேடுவது இந்த நெடுவரிசையைத்தான். அது இல்லாததால் ஒதுக்கப்பட்ட தரவுத்தொகுதிகளைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். அவ்வளவு உழைப்பும், உயிர்விட்ட அத்தனை விலங்குகளும் ஒரே ஒரு நெடுவரிசை இல்லாததால் வீணாகக் கூடாது.

காலிச் செல் விடாதீர்கள். அது பூஜ்யமா, அளக்கவில்லையா, கருவிக்கு எட்டாத அளவா என்று படிப்பவருக்குத் தெரியாது. சேகரிக்கவில்லை, பொருந்தாது, வெளியிட அனுமதி இல்லை என்பதற்கெல்லாம் களஞ்சியங்களே நிலையான சொற்களை வைத்திருக்கின்றன, அவற்றை அப்படியே பயன்படுத்துங்கள்.

திசு, நோய், செல் வகை போன்றவற்றை உங்கள் விருப்பப்படி எழுதாமல் ஒன்டாலஜி (ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிலையான எண் தரும் சொற்பட்டியல்) எண்ணோடு எழுதினால் கணினியும் புரிந்துகொள்ளும். கல்லீரலை ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், இன்னொருவர் சுருக்கி எழுதுவார். உடலுறுப்புகளுக்கான யூபெரான் பட்டியலின்படி யூபெரான் 0002107 என்று போட்டுவிட்டால் எல்லாம் ஒன்றுதான். உயிரினத்துக்கு என்சிபிஐ வகைப்பாட்டு எண்: மனிதன் 9606, வீட்டு எலி 10090. இந்த எண்களைத் தேட ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனத்தின் ஓஎல்எஸ் தளம் போதும். ஏற்கெனவே கண்டபடி எழுதிவைத்த பட்டியல் இருந்தால் ஓப்பன்ரிஃபைன் என்ற இலவச மென்பொருள் ஒரே பொருளை வேறுவேறாக எழுதிய இடங்களைக் கண்டுபிடித்து ஒன்றாக்கித் தரும். இந்த வேலைக்கு அதைவிட நல்ல கருவியை நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஜீனோம் பதிப்பு, அதாவது உங்கள் வரிசைகளை மேற்கோள் ஜீனோமின் எந்தப் பதிப்போடு பொருத்தினீர்கள் என்பது. மனிதத் தரவு என்றால் 2009-இன் ஜிஆர்சிஎச்37-ஐயும் 2013-இன் ஜிஆர்சிஎச்38-ஐயும் குழப்பினால் இடக்குறிகள் எல்லாம் தவறாகும். எந்த மரபணு ஜீனோமில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மரபணுக் குறிப்புக் கோப்பு எந்த வெளியீடு என்பதையும் எழுதுங்கள். ஜீனோம் இடங்களைப் பதியும் கோப்பு வடிவங்களில் பெட் பூஜ்யத்திலிருந்து எண்ணும், ஜிஎஃப்எஃப், விசிஎஃப் இரண்டும் ஒன்றிலிருந்து எண்ணும். ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும்போது ஓரிடம் தள்ளிப்போகும் பிழை இங்கிருந்துதான் வருகிறது.

பகுப்பாய்வு நிரல்களை, படிகளைத் தானாக வரிசையாக ஓட்டும் ஸ்னேக்மேக் அல்லது நெக்ஸ்ட்ஃப்ளோவில் எழுதியிருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பயன்படுத்திய ஒவ்வொரு மென்பொருளின் பதிப்பு எண்ணையும் கோண்டா சூழல் கோப்பாக (மென்பொருள்களையும் பதிப்புகளையும் பட்டியலிடும் கோப்பாக) கொடுங்கள். நிரலை செனோடோ என்ற பொதுக் களஞ்சியத்தில் ஏற்றினால் நிலையான டிஓஐ எண் கிடைக்கும், கட்டுரையில் அதைக் குறிப்பிடலாம். நுண்ணோக்கிப் படங்களும் இருந்தால் ஓஎம்இ-டிஃப் வடிவம், புரதங்களின் நிறை நிறமாலைத் தரவு இருந்தால் எம்இசட்எம்எல் வடிவமும் பிரைட் களஞ்சியமும்.

'கேட்டால் தருகிறோம்' என்று எழுதிவிடலாமே என்று உங்கள் குழுவில் யாராவது சொல்லக்கூடும். 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படி எழுதியிருந்த 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்களிடம் கேட்டபோது தரவைக் கொடுத்தவர்கள் 6.8 சதவீதம் மட்டுமே. அதற்கு நேர் எதிரான உதாரணம் புரதக் கட்டமைப்புகளின் பிடிபி. 1971-இல் ஏழே கட்டமைப்புகளோடு தொடங்கிய அந்தக் களஞ்சியத்தில் பலர் பல ஆண்டுகள் ஒரே ஒழுங்கில் சேர்த்த தரவுதான் புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவான ஆல்ஃபாஃபோல்டைப் பயிற்றுவிக்க உதவியது. ஆல்ஃபாஃபோல்ட் பணிக்கு 2024-இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. தரவைச் சேர்த்தபோது இப்படி ஒரு பயன் வரும் என்று அவர்களில் பெரும்பாலோர் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

ஃபேர் என்று எல்லோரும் சொல்கிறார்களே என்றால், 2016-இல் வந்த அது வடிவம் அல்ல, கொள்கை. தரவைக் கண்டுபிடிக்க, அணுக, மற்றவற்றோடு இணைக்க, மறுபடி பயன்படுத்த முடிய வேண்டும் என்கிறது. எல்லாவற்றையும் திறந்து வைக்கச் சொல்லவில்லை. மாதிரிகள் மனிதர்களிடமிருந்து வந்தவை என்றால் முதலில் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் படியுங்கள். பொதுவெளியில் வைக்க அதில் இடமில்லையென்றால் அனுமதி பெற்றவர்களுக்கு மட்டும் தரவைத் தரும் களஞ்சியங்களான டிபிகேப் அல்லது ஈஜிஏவுக்குத்தான் போக வேண்டும்.

கடைசியாக, ஏற்றும் முன் ஒவ்வொரு கோப்புக்கும் எம்டி5 எண் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்துப் படிவத்தில் போடுங்கள். பாதியில் அறுந்த கோப்பு அதில் தெரிந்துவிடும். கட்டுரை வெளிவரும்வரை ஜியோவில் தரவை மறைத்து வைக்கலாம், மதிப்பீட்டாளர்களுக்கு மட்டும் ஒரு டோக்கன் (பார்க்க அனுமதிக்கும் குறியீடு) கொடுக்கலாம். கட்டுரை வந்ததும் அந்த மறைப்பை நீக்கி, பதிவில் கட்டுரையின் எண்ணைச் சேர்த்துவிடுங்கள். பலர் விட்டுவிடுகிற வேலை இது. கட்டுரையில் களஞ்சிய எண் இருக்கும், போய்ப் பார்த்தால் தரவு இன்னும் மறைவில்தான் இருக்கும்.