கதிரிலேயே முளைத்துவிடும் ராஜ்கீரா: மலைப்பகுதியில் எப்போது விதைப்பது?

கேள்வி: கோத்தகிரி பக்கம் அரை ஏக்கரில், ஜூன் மாதம் தானியக் கீரை (ராஜ்கீரா) விதைத்தேன். ஆள் உயரம் வளர்ந்தது. கதிர் முற்றும்போது அடைமழை பிடித்து, பாதி கதிரிலேயே முளைத்துவிட்டது, மீதியில் பூஞ்சாணம். குளிரும் ஈரமும் உள்ள இடத்துக்கு இது ஒத்துவராதா?

பதில்: ஒத்துவரும். விதைத்த மாதம்தான் சரியில்லை. உத்தராகண்ட் மலைகளில் மே, ஜூனில் விதைத்து அக்டோபர் வாக்கில் அறுப்பார்கள்; அங்கே அதற்குள் மழை ஓய்ந்திருக்கும். உங்களுக்கோ அப்போதுதான் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். அதனால் அறுவடையை முதலில் முடிவு செய்யுங்கள். உங்கள் பக்கம் மழை ஓய்ந்து காயும் காலம் ஜனவரி. குளிரில் இந்தப் பயிருக்கு நான்கு மாதமாவது வேண்டும் என்பதால், ஆகஸ்ட் பாதியில் நாற்று விடலாம்.

நேரடியாக விதைக்காதீர்கள். விதை கடுகைவிடப் பொடி. மழை அடித்துப் போய்விடும், குளிர்ந்த ஈர மண்ணில் அழுகவும் செய்யும். குழித்தட்டில், மேலே பாலித்தீன் கூரை போட்டு நாற்று வளர்த்து, நாலு இலை விட்டதும் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். பகல் குறையும் பருவம் என்பதால் செடி சீக்கிரம் பூத்துவிடும், ஜூன் பயிர் அளவு உயராது. அதனால் வரிசைக்கு ஒரு அடி, செடிக்கு அரை அடி இடைவெளி போதும். யூரியாவை அள்ளிப் போட்டால் காற்றில் சாய்ந்துவிடும். உறைபனி விழும் பள்ளத்தை விட்டுவிட்டுச் சரிவில் நடுங்கள். ஒரே இரவுப் பனியில் செடி கருகிவிடும்.

விதை வாங்கும்போது விளைச்சலை மட்டும் கேட்காதீர்கள். கதிர் நெருக்கமா, தளர்வா என்றும் கேளுங்கள். நெருக்கமான கதிர் பார்க்க அழகுதான், ஆனால் உள்ளே தண்ணீர் நின்றுவிடும். ஈர ஊருக்குத் தளர்ந்த கதிரே நல்லது. அப்புறம், வயலோரத்தில் தானாக முளைக்கும் இதன் காட்டு இனங்களைப் பூக்குமுன் பிடுங்கிவிடுங்கள். சொந்த விதை எடுப்பதாக இருந்தால் கலப்பு விழும், அடுத்த ஆண்டு வெள்ளை விதைக்குள் கறுப்பு எட்டிப்பார்க்கும்.

இலை முழுவதும் காயட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கதிரை உள்ளங்கையில் கசக்கினால் விதை உதிர்கிறதா? சரி, அறுத்துவிடலாம். காற்றோட்டமுள்ள கூரைக்கடியில் தார்ப்பாய் மேல் மெல்லியதாகப் பரப்புங்கள். குவித்தால் சூடேறிக் கெட்டுவிடும். அடித்துத் தூற்றியபின் மறுபடியும் காயவையுங்கள். விதையைக் கடித்துப் பாருங்கள்: நசுங்கினால் இன்னும் ஈரம், உடைந்தால் மூட்டை கட்டலாம்.