மீட்டு வந்த பிறகு: ஆள் கடத்தலில் சிக்கி மீண்டவர்கள் பற்றி வாசகர் கேள்விகள்

இந்த முறை ஆள் கடத்தல், கொத்தடிமை தொடர்பாக வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை என்று ஏஜென்ட் அனுப்பிய என் தம்பி, மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் ஐந்து மாதம் மாட்டிக்கொண்டான். திரும்பி வந்து மூன்று வாரம் ஆகிறது. பகலெல்லாம் தூங்குகிறான், இரவெல்லாம் விழித்திருக்கிறான். என்ன நடந்தது என்று கேட்டால் எழுந்து போய்விடுகிறான். மனசில் இருப்பதைக் கொட்டிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா.

அம்மாவின் தவிப்பு புரிகிறது. ஆனால் கொட்டச் சொல்லாதீர்கள். கொடுமை நடந்து முடிந்த கையோடு அதை ஒன்று விடாமல் சொல்லவைக்கும் முறை ஒரு காலத்தில் எங்கள் மனநல ஆலோசனைத் தொழிலிலேயே வழக்கமாக இருந்தது. அது பலன் தராது என்று தெரிந்தபின், அப்படிச் செய்ய வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே வழிகாட்டுதல் வெளியிட்டது. தம்பி தானாக ஆரம்பித்தால் கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டுக் கேளுங்கள். நிறுத்தினால் "அப்புறம்?" என்று கேட்காதீர்கள்.

தூக்கத்துக்கு வருவோம். அந்த முகாம்கள் பலவற்றில் இரவில்தான் வேலை வாங்கினார்கள். அவன் உடம்பு இன்னும் அந்தக் கணக்கில் ஓடலாம். காலையில் கொஞ்ச நேரம் வெயிலில் உட்காரவும் சாப்பாட்டு நேரம் மாறாமல் இருக்கவும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்காக அதட்டி எழுப்ப வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கலாம். அங்கே இலக்கை எட்டாதவர்களுக்கு அடியும் மின்சார அதிர்ச்சியும் கிடைத்தன. அதற்குப் பயந்து முகம் தெரியாத யாரையோ ஏமாற்றியது, வாங்கிய அடியைவிட ஆழமாக அவனை அறுத்துக்கொண்டிருக்கலாம். நான் பார்த்த இளைஞர்களில் சிலர் தங்களைக் குற்றவாளி என்றே நம்பினார்கள். கடத்தப்பட்டவர் கட்டாயத்தின் பேரில் செய்ததற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்பது ஐ.நா. 2002-லேயே வகுத்த கோட்பாடு. அவன் அந்தப் பேச்சை எடுக்கும் நாளில் இதைச் சொல்லுங்கள்.

2022 அக்டோபரில் 13 தமிழர்கள் மியான்மரிலிருந்து சென்னைக்குத் திரும்பினார்கள். அப்போதும் "படித்த பையன் எப்படி ஏமாந்தான்?" என்று கேட்டவர்கள் உண்டு. உங்கள் வீட்டு வாசலைத் தாண்டி அந்தக் கேள்வி உள்ளே வரவே கூடாது.

இதோடு, அவனைத் தினமும் சின்னச் சின்ன முடிவுகள் எடுக்க விடுங்கள். என்ன சாப்பிடுவது, யாரைப் பார்ப்பது, செல்போனை எப்போது எடுப்பது எல்லாம் அவன் விருப்பம். அவனிடமிருந்து பிடுங்கப்பட்டது அதுதான். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் திடுக்கிடலும் குறையவில்லை என்றால் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். சாவைப் பற்றிப் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனாஸ் 14416-இல் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

நாங்கள் செங்கல் சூளையிலிருந்து மீட்ட இருளர் குடும்பம் ஒன்று, நாலே மாதத்தில் அதே முதலாளியிடம் திரும்பிப் போகப் பார்க்கிறது. கவுன்சிலிங் கொடுத்தும் பயனில்லை. இந்த அடிமை மனநிலையை எப்படி மாற்றுவது? (தன்னார்வலர், திருவள்ளூர் மாவட்டம்)

முதலில் அந்தச் சொல்லை விடுங்கள். அப்புறம், அவர்கள் வீட்டில் இன்று உலை வைக்க அரிசி இருக்கிறதா என்று பாருங்கள்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அவர்கள் வாங்கிய முன்பணக் கடன் செல்லாது. ஆனால் அவர்கள் மனசில் அது உயிரோடுதான் இருக்கிறது. கை நீட்டி வாங்கினோம், திருப்பிக் கொடுக்கவில்லையே என்று உறுத்துகிறது. இது நாணயம். இதற்குப் போய் நோய்ப்பெயர் சூட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. "அந்த முன்பணத்துக்கு எத்தனை வருஷம், எத்தனை ஆயிரம் கல் அறுத்தீர்கள்?" என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். எழுதத் தெரியாவிட்டால் புளியங்கொட்டை வைத்து எண்ணுங்கள். கடன் எப்போதோ தீர்ந்துவிட்டதை அவர்களே கண்டுபிடிக்கும் நிமிடம், நான் கொடுத்த எந்த ஆலோசனையையும்விடப் பெரியது.

விடுதலைச் சான்றிதழ் கையில் இருக்கிறதா? மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில், 2021-இல் திருத்தியபடி, உடனடி உதவியாக ரூ.30,000 வரை உண்டு. பெரிய தொகை ஆண்களுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் போன்றவற்றுக்கு 3 லட்சம். அது வழக்கோடு சேர்ந்து இழுக்கும். அந்த இடைவெளியில்தான் பசி அவர்களைத் திருப்பி அனுப்புகிறது. கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடப்பதும் மனநல வேலைதான்.

2019 ஜூலையில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் விறகு வெட்டும் இடங்களிலிருந்து 42 பேரை மீட்டார்கள். ஒரு முதியவர் அதிகாரியின் காலில் விழும் படம் அப்போது பரவலாக வெளிவந்தது. பலர் நெகிழ்ந்தார்கள். எனக்கு வலித்தது. முதலாளி போய் அதிகாரி வந்தாலும் கும்பிட ஒரு கால் இருந்துகொண்டே இருக்கிறதே என்று தோன்றியது. அந்தக் குடும்பத்துக்கு நீங்கள் இன்னொரு காலாக ஆகிவிடாதீர்கள். அவர்களுக்காக முடிவெடுக்காதீர்கள். ஏற்கெனவே விடுதலையாகிச் சொந்தக் காலில் நிற்கும் குடும்பங்களிடம் அழைத்துப் போங்கள்.

மீட்கப்பட்டவர்களுக்கான எங்கள் இல்லத்தில் 17 வயதுப் பெண் ஒருத்தி, தன்னை விற்றவனையே "அவர் என்னை நல்லா பார்த்துக்கிட்டார்" என்கிறாள். எங்களைத் திட்டுகிறாள். கையைக் கீறிக்கொள்கிறாள்.

சோறும் அடியும் ஒரே கையிலிருந்து வந்தால், அந்தக் கையை நம்பித்தான் உயிர் பிழைக்க முடியும். அவனைக் கெட்டவன் என்று வாதாடினால் அவள் அவன் பக்கம் இன்னும் நெருங்குவாள். "அவன் செய்ததில் எது பிடித்தது, எது பயமாக இருந்தது?" என்று இரண்டையும் கேளுங்கள். கீறலைப் பற்றியும் சாக நினைக்கிறாளா என்றும் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மனநல மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள்.

நான் முதலில் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் ஒரு பெண் என்னிடம் கேட்டாள்: "அங்கேயும் பூட்டினாங்க, இங்கேயும் பூட்டுறீங்க. என்ன வித்தியாசம்?" என்னிடம் பதில் இல்லை. வெகுநாள் போராடி, ஒவ்வொருவருக்கும் சாவியோடு ஒரு பெட்டி வாங்கினோம். இரவில் விளக்கு எரியட்டுமா, அணைக்கட்டுமா என்று அவர்களையே கேட்கத் தொடங்கினோம். திட்டுவது நிற்கவில்லை. ஆனால் திட்டிவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

மும்பையிலிருந்து மீட்டு வந்த அக்கா மகளுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று மந்திரிக்கப் போகிறார்கள். தடுக்கலாமா?

அவளுக்கே விருப்பமாக இருந்து, விபூதியோடு முடிந்தால் தடுக்க வேண்டாம். தெம்பு வரலாம். அடிப்பதும் கட்டிவைப்பதும் என்றால் குறுக்கே நில்லுங்கள். 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது.

மீட்கப்பட்ட பெண் ஒருத்தி போலீஸிடம் சொன்னதும் கோர்ட்டில் சொன்னதும் மாறுகிறது. பொய் சொல்கிறாளோ என்று வக்கீலே சந்தேகப்படுகிறார்.

பயத்தின் உச்சியில் பதிந்த நினைவு காலண்டர் போல வரிசையாக இருக்காது. வாசனையும் சத்தமும் துல்லியமாக இருக்கும், தேதி கலங்கிப்போயிருக்கும். வக்கீலிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். சிறுமி என்றால் போக்சோ சட்டப்படி விசாரணை மூடிய அறையில் நடக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவன் அவள் கண்ணில் படக் கூடாது. சாட்சி சொல்லும் நாளுக்கு முன்பே ஒருமுறை காலியான நீதிமன்ற அறையைக் காட்டிவிடுங்கள். ஆனால் பதில்களைச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

நான் ஆலோசகர். மூன்று வருடம் இந்த வேலை. இப்போது என் மகளைப் பள்ளிக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது.

கேட்ட கதைகள் உங்களுக்குள் குடியேறிவிட்டன. எனக்கும் நடந்திருக்கிறது. பேருந்தில் பக்கத்தில் நின்ற ஆண்களையெல்லாம் தரகர்களாகப் பார்த்த மாதங்கள் உண்டு. அனுபவமுள்ள ஒருவரிடம் வாரம் ஒருமுறை உங்கள் மனபாரத்தைப் பேசுங்கள். புது வழக்குகளைக் கொஞ்ச நாள் எடுக்காதீர்கள். ஒரு வாரம் விடுப்புக் கேளுங்கள். காரணம் காய்ச்சல் என்று எழுதாதீர்கள்.