கேஷும் காசும்

கேள்வி: நான் கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறேன். 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு'விலிருந்து போனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறதே, உண்மையா ஐயா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்கள் தினமும் எண்ணி வைக்கிற 'கேஷ்' நம்முடையது இல்லை அம்மா. லத்தீனில் 'காப்ஸா' என்றால் பெட்டி. அது இத்தாலியில் 'காஸ்ஸா', பிரான்சில் 'கெஸ்' என்று மாறி, 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலாந்துக்குப் போனது. அங்கே முதலில் 'கேஷ்' என்றால் பணப்பெட்டிதான். பெட்டியின் பெயர் உள்ளே இருந்த பணத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நம் கடைக்காரர் 'கல்லா எண்ணியாச்சா?' என்று கேட்பதில்லையா, அதே கதைதான். மருந்துக் கடை கேப்ஸ்யூலும் இந்தக் குடும்பமே: குட்டிப் பெட்டி.

அதற்காக அந்தச் செய்தியை அடியோடு தள்ளிவிடவும் வேண்டாம். ஆங்கிலத்தில் இன்னொரு 'கேஷ்' இருந்தது. அது அசல் நம் காசு. போர்த்துகீசியர் வாயில் அது 'காய்ஷா' ஆனது. அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதே பெயர்! குழப்பம் அங்கேயே தொடங்கிவிட்டது. அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கி, சில்லறை நாணயத்தை 'கேஷ்' என்றார்கள். சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கணக்கில் 80 காசு ஒரு 'பணம்' என்ற நாணயம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். சீனாவின் சதுர ஓட்டை நாணயத்தையும் இன்றுவரை ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றுதான் சொல்கிறார்கள்.

இதை எழுதும்போது என் மேசையில் ஒரு செப்புக்காசு இருக்கிறது. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கும் கம்பெனி முத்திரை, அடியில் 1808. திருப்பினால் பாரசீக எழுத்தில் 'பீஸ்த் காஸ் சஹார் ஃபலூஸ் அஸ்த்', அதாவது 20 காசு 4 ஃபலூஸ் (அதுவும் செப்பு நாணயத்தின் பெயர்தான்). அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் ஆங்கிலத்தில் 'கேஷ்'. ஒரே செப்புக்காசில் நம் சொல் இரண்டு மொழிகளின் எழுத்தில்! விரலால் தடவும்போதெல்லாம் மனசு நிறைந்துவிடுகிறது. பர்மிங்காமில் அடித்த இந்தக் காசுகளை டன் கணக்கில் ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையோர மணல்திட்டில் மோதி மூழ்கியது. முக்குளிப்பவர்கள் அதிலிருந்து எடுத்த காசுகள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன.

காசின் வயதோ இதைவிட எவ்வளவோ அதிகம். குறுந்தொகை 67ஆம் பாட்டில், கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்கொல்லர் நகநுனியில் பிடித்த பொற்காசு போல இருக்கிறதாம். காசுமாலை போட்டவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

கேள்வி: ராணுவ அதிகாரி ஒருவரை 'கேஷியர்' செய்தார்கள் என்று ஓர் ஆங்கில நாவலில் படித்தேன். பணம் எண்ணும் வேலைக்கு மாற்றிவிட்டார்களா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: இல்லை. அவமானப்படுத்தி வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள் என்று பொருள். டச்சு மொழி வழியாக வந்த சொல் அது. பெட்டிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.