போல்ட் இறுக்கமா இருக்கு, ரவுண்டு வெடிக்கலன்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, பாயிண்ட் 22 போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள்ல, அதாவது போல்ட்ங்கிற உருளைய கையால இழுத்து தள்ளி தோட்டா ஏத்துற துப்பாக்கில, பத்துக்கு ரெண்டு ரவுண்டு (தோட்டா) வெடிக்கல, தையல் மெஷின் ஆயில் நெறைய விட்டும் சரியாவலன்னு எழுதியிருந்தீங்க. எனக்கு அந்த ஆயில் மேலயேதான் சந்தேகம். 22 தோட்டாவுல வெடிமருந்த பத்த வைக்கிற கலவை விளிம்புக்குள்ளதான் இருக்கு, போல்ட்டுக்குள்ள இருக்குற ஊசி, அதான் ஃபயரிங் பின், அங்க ஓங்கி அடிக்கணும், உள்ள ஆயிலும் கரியும் சேர்ந்து களிம்பாயிட்டா பின் மெதுவாதான் வரும். வெடிக்காத தோட்டாவோட விளிம்ப வெளிச்சத்துல பாருங்க, பள்ளம் லேசா இருந்தா பெரும்பாலும் இதான்.

மொதல்ல தோட்டா அடுக்குற மேகசின கழட்டி, குழல்ல தோட்டா உக்கார்ற எடமான சேம்பர் காலியான்னு கண்ணால பாத்து விரல விட்டும் பாருங்க, அப்புறம்தான் போல்ட்ட உருவணும். பழைய டூத் பிரஷ்ல துப்பாக்கி சுத்தம் பண்ற சால்வென்ட் தொட்டு போல்ட் முகத்த (தோட்டாவ தொடுற முன்பக்கம்) தேய்ங்க, தோட்டாவ வெளிய இழுக்குற எக்ஸ்ட்ராக்டர் கொக்கிக்கு அடியில குண்டுல பூசுன மெழுகும் கரியும் கருப்பா கெட்டியா ஒட்டியிருக்கும், பல்குத்தும் குச்சியால நோண்டுனா செதில் செதிலா வரும். நல்லா தொடச்சிட்டு பின் போற வழிய கிட்டத்தட்ட காய்ஞ்சாப்ல விடுங்க, போல்ட்ட தூக்கும்போது ஃபயரிங் பின்ன பின்னால தள்ளுற சரிவு, அதான் காக்கிங் கேம், அங்க மட்டும் துளி கிரீஸ்.

ஸ்பிரிங் இறுக்கத்துல இருக்கும், ஃபயரிங் பின்ன நீங்களா பிரிக்காதீங்க, கிளப்ல துப்பாக்கி பழுது பாக்குற ஆர்மரர்கிட்ட குடுங்க. சேம்பர் காலியா வெச்சி டிரிகர் அழுத்தியும் பாக்காதீங்க, பல துப்பாக்கில ஃபயரிங் பின் சேம்பர் விளிம்புல மோதி தழும்பாயிடும்.

நம்ம தண்டையார்பேட்ட, காசிமேடு பக்கம் உப்புக்காத்து வேற, கைரேகை பட்ட எடம்கூட ஒரே ராத்திரியில துரு புடிச்சி நான் பாத்திருக்கேன், அதனால வெளிப்பக்கம் மெலிசா ஆயில் துணியால ஒத்தி எடுங்க, ஸ்பாஞ்ச் பெட்டிக்குள்ள நாள்கணக்கா பூட்டி வைக்காதீங்க.