சிவப்புத் துகளில் அலுமினியம் இருந்தால் அது வெடிபொருளா?

நியூயார்க் இரட்டைக் கோபுரங்கள் 2001-இல் இடிந்த தூசியில் கிடைத்த சிவப்புத் துகள் பெயின்டா, தெர்மைட்டா என்பதுதான் கேள்வி. கோபுரங்கள் விமானம் மோதியதால் விழவில்லை, திட்டமிட்டுத் தகர்க்கப்பட்டன என்று சொல்பவர்கள் இந்தத் துகளைத்தான் ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

தெர்மைட் என்பது இரும்பு ஆக்சைடும் அலுமினிய உலோகத் தூளும் சேர்ந்த கலவை. பற்றவைத்தால் உருகிய இரும்பு கிடைக்கும். தண்டவாளங்களை ஒட்டவைக்க உதவுகிறது.

2009-இல் டென்மார்க் வேதியியலாளர் நீல்ஸ் ஹாரிட் குழு, துகள்களில் இரும்பும் அலுமினியமும் இருப்பதைக் காட்டி, அவை நானோதெர்மைட், அதாவது மிக நுண்ணிய துகள்களாலான தெர்மைட் என்றது. சிக்கல் இங்கேதான். அவர்கள் பயன்படுத்திய எக்ஸ்ரே சோதனை எந்தத் தனிமம் இருக்கிறது என்று காட்டும்; அது எதோடு பிணைந்திருக்கிறது என்று சொல்லாது.

கடலூரில் உப்புக்காற்றுக்குப் பயந்து இரும்புக் கேட்டுக்கு ரெட் ஆக்சைடு அடிக்கிறோமே, அந்தச் சிவப்பு இரும்பு ஆக்சைடுதான். பெயின்டில் கயோலின் என்ற வெள்ளைக் களிமண்ணும் சேர்ப்பதுண்டு. அதிலும் அலுமினியம் இருக்கிறது, ஆனால் உலோகமாக அல்ல, சிலிக்கான், ஆக்சிஜனோடு பிணைந்து. மரக்காணம் உப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: தண்ணீர் பட்டால் தீப்பிடிக்கும் சோடியம் அதில் இருக்கிறது, ஆனாலும் தினமும் குழம்பில் போடுகிறோம்.

கரைப்பானில் ஊறவைத்தபோது அலுமினியம் சிலிக்கானிலிருந்து பிரிந்து தெரிந்தது, எனவே அது கயோலின் அல்ல என்பது ஹாரிட் தரப்பின் வாதம். 2012-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் மில்லெட் சோதித்த துகள்களில் எபாக்ஸி (பெயின்டில் சேர்க்கும் ஒரு பிசின்), இரும்பு ஆக்சைடு, கயோலின் இருந்தன. அலுமினிய உலோகம் இல்லை. அவர் பார்த்தது அதே வகைத் துகள்தானா என்று மறுதரப்பு கேட்கிறது. எனக்கு மில்லெட்டின் முடிவே வலுவாகப் படுகிறது.

அப்புறம், 'சூடாக்கினால் எரிந்ததே, அப்படியானால் தெர்மைட்தான்' என்று பலர் நினைக்கிறார்கள். காற்றில் சூடாக்கினால் எபாக்ஸி பெயின்டும் எரியும், காற்றில்லாமலும் எரிவதுதான் தெர்மைட்.