கேள்வி–பதில்: சேற்றின் ஓசைக்குச் சேறு வேண்டியதில்லை

கேள்வி: நாங்கள் கல்லூரி மாணவர்கள். ஏரி உடைந்த இரவில் ஒரு முதியவர் சேற்றில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடந்து வரும் காட்சியை ஒலி நாடகமாகப் பதிவு செய்து வருகிறோம். எங்கள் ஊர் ஏரிச் சேற்றிலேயே நடந்து கைப்பேசியில் பதிவு செய்தோம். கேட்டுப் பார்த்தால் யாரோ காகிதத்தைக் கசக்குவது போல் இருக்கிறது. வீட்டிலுள்ள பொருள்களைக் கொண்டு அந்தப் ‘பொதக்’ ஒலியை வரவழைக்க முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: உங்கள் ஏரிச் சேற்றின்மேல் பழி போடாதீர்கள். பல கைப்பேசிகளின் குரல் பதிவுச் செயலி, பேச்சைத் தெளிவாக்குவதற்காக மற்ற ஓசைகளை அடக்கிவிடும்; சேற்றொலி அதன் கணக்கில் வெறும் இரைச்சல்தான். அத்துடன், நின்றபடி கையில் பிடித்த கைப்பேசிக்கும் பாதத்துக்கும் நடுவே மூன்று நான்கு அடி தூரம் இருந்திருக்கும். ஈரத்தின் நுண்ணொலிகள் வெட்டவெளியில் அவ்வளவு தூரம் தாங்கா.

புதைந்த காலைப் பிடுங்கும்போது பாதத்தின் அடியில் காற்றழுத்தம் குறைகிறது. சேறு விட்டுக்கொடுத்த கணத்தில் வெளிக்காற்று அந்த இடுக்கில் பாய்கிறது. நீங்கள் தேடும் ‘பொதக்’ அதுதான். தண்ணீரின் சலசலப்பும் பெரும்பாலும் அதில் சிக்கிய காற்றுக் குமிழிகளின் அதிர்வே. மின்னார்ட் என்னும் வானியலாளர் 1933ஆம் ஆண்டு இதைக் கணக்கிட்டுக் காட்டினார்: நீருக்குள் 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள குமிழி நொடிக்குச் சுமார் 3,260 முறை அதிரும்; 5 மில்லிமீட்டர் ஆரமானால் சுமார் 650 முறைதான். குமிழி பெருக்கப் பெருக்க ஒலி தடிக்கும். ஆகவே வெறும் தண்ணீர் போதாது. தண்ணீரையும் காற்றையும் சேர்த்துப் பிடித்து வைத்திருந்து, அழுத்தினால் விட்டுக்கொடுக்கும் பொருளை நாம் தேட வேண்டும்.

நம் பக்கத்துச் சமையலறையில் அதற்கு நிகரில்லாத பொருள் கேழ்வரகுக் களி. கிண்டி இறக்கிய களி இறுகலாக இருக்கும் என்பதால், ஆறிய பிறகு தண்ணீர் விட்டுப் பிசைந்து, கரண்டியிலிருந்து தயங்கி வழுக்கி விழும் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். உள்ளங்கையைக் குழித்து அதில் கவிழ்த்து அழுத்தி, காற்று உள்ளே சிக்கியதும் மெல்ல இழுத்தால், கிழவரின் கால் சேற்றிலிருந்து வருவது காதுக்குத் தெரியும். விரைவாக இழுத்தால் சிறுவன் நடப்பதாகிவிடும். வடைக்கு அரைத்த உளுந்து மாவும் நல்லது. அதில் காற்று எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது, ஒரு சிட்டிகை மாவு தண்ணீரில் மிதப்பதிலிருந்தே தெரியும். ஆனால் உளுந்தின் ஒலி சற்று நுரைத்து மென்மையாக வருவதால், சேற்றைவிட மழைநீர் தேங்கிய புல்தரைக்கே அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

வண்டி துடைக்க விற்கும் ஷாமி தோலை நனைத்துப் பிழிவது ஒலிக்கலைஞர்களின் பழைய உத்தி. மீன் எண்ணெயில் பதனிட்ட ஆட்டுத்தோலான அது நீரைத் தாராளமாக உறிஞ்சிக்கொண்டு, பிழியும்போது கொழகொழவென்று முனகும். ஆம்பூரும் இராணிப்பேட்டையும் பக்கத்திலேயே இருக்கத் தோலுக்கா பஞ்சம் என்று எண்ணி, காலணித் தோலின் வெட்டுத்துண்டுகளை எடுத்து வந்துவிடாதீர்கள். மேற்பூச்சு இட்ட அந்தத் தோல் எளிதில் நனையாது. அதிலிருந்து கிறீச்சென்ற ஒலிதான் வரும். ஷாமி கிடைக்காவிட்டால் பழைய பூத்துவாலை போதும்.

ஓர் அடியை மூன்று ஒலிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். கால் பதிவதற்கு நனைத்த துவாலையின்மேல் ஓர் அறை, புதைவதற்குத் துவாலையைப் பிழிதல், பிடுங்குவதற்குக் களி. பாத்திரம் எவர்சில்வராக இருந்தால் கணகணவென்று காட்டிக்கொடுத்துவிடும். பிளாஸ்டிக் தொட்டியை மடித்த கோணிப்பையின்மேல் வையுங்கள். ஒலிவாங்கி ஒரு சாண் தூரத்தில், தெறிக்கும் நீர் படாதபடி பக்கவாட்டில் இருக்கட்டும். இந்தக் கலைக்குப் பெயர் தந்த ஜாக் ஃபோலி, ஹாலிவுட்டில் பேசும்படத் தொடக்கக் காலத்தில், திரையில் நடிகர் அசைவதைப் பார்த்தபடியே ஓசை எழுப்பினார். உங்களுக்குத் திரை இல்லை. எனவே முதியவரின் வசனத்தை முதலில் பதிவு செய்து, அவர் மூச்சு வாங்கும் இடங்களைக் காதணிக்கருவியில் கேட்டுக்கொண்டே கையை இழுங்கள்.

கேள்வி: குறும்படத்தில் காயத்திலிருந்து அம்பைப் பிடுங்கும் காட்சிக்கு ஆட்டுக்குடல் வாங்கச் சொல்கிறார்கள். அது கட்டாயமா?
– வாசகி, வாணியம்பாடி

பதில்: கட்டாயமே இல்லை. விளக்கு வெப்பத்தில் குடல் அரை மணி நேரத்தில் நாறத் தொடங்கிவிடும்; கழுவாத கையோடு கருவிகளைத் தொடுவதும் நல்லதல்ல. நன்கு கனிந்த பப்பாளியின் சதைக்குள் விரலைச் செருகிச் சுழற்றி இழுங்கள். கையில் சிறிது சோப்பு நீர் தடவிக்கொண்டால் வழுக்கல் ஒலி கூடும். எலும்பு உரசும் ஒலி வேண்டுமானால், துணியில் சுற்றிய முருங்கைக்காயை அதே கணத்தில் ஒடிக்கலாம். 1991இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர் 2’ படத்தில் உலோக மனிதன் கம்பிகளுக்கிடையே நழுவி வரும் ஒலிக்கு, ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ரோம் தகர டப்பாவிலிருந்து நாய் உணவு வழுக்கி விழுவதைத்தான் பதிவு செய்தார். காதுக்குக் கண் இல்லை என்பதை நம்பித்தான் இந்தத் தொழிலே நடக்கிறது.

கேள்வி: மின்விசிறியை நிறுத்தினால் வேலூர் வெயிலில் உட்கார முடியவில்லை; ஓடவிட்டால் அதன் இரைச்சல் பதிவாகிறது. என்ன செய்வது?
– வாசகர், காட்பாடி

பதில்: விடியற்காலை நான்கரை மணிக்கு எழுந்துகொள்ளுங்கள். தெருவில் பால்வண்டி வருவதற்குள் ஒரு மணி நேரம் கிடைக்கும். களியை முந்தைய இரவே கரைத்துவைத்தால் புளித்து இளகி, இன்னும் நன்றாகப் பேசும். வேலை முடிந்ததும் அதைக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிடலாம். சோப்பு கலந்த கிண்ணத்தை மட்டும் மாட்டுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.